திரு. சோதனையின் புகார்

லிஃப்ட் விற்று, பொருத்தி, பழுது பார்க்கும் நிறுவனம் அது. எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட், யார் போய்ப் பார்த்தார், வாடிக்கையாளர் என்ன சொல்லித் திட்டினார் என்பதெல்லாம் ஒரு மென்பொருளில் பதிவாகியிருக்கும். அந்த மென்பொருளைக் கட்டி மேய்ப்பவளுக்கு அலுவலகத்தில் 'அட்மின் அக்கா' என்று பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்த கணக்குப் பிரிவுக்காரர்கூட, "அக்கா, என் ஸ்கிரீன்ல ஒரு பட்டனைக் காணோம்" என்றுதான் வந்து நிற்பார். பட்டன் எங்கேயும் போயிருக்காது. கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு வந்திருப்பார்.

மென்பொருளில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும், வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்தாக வேண்டும். அதற்கு ஒரு பொய் வாடிக்கையாளர் வேண்டும். பொய் வாடிக்கையாளருக்கு நிஜமான செல்போன் எண் வேண்டும். அவள் தன் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். ஊழியரின் எண்ணை வாடிக்கையாளருக்கு வைக்க முடியாது என்று மென்பொருள் மறுத்துவிட்டது. அந்த விதியைப் போட்டு வைத்தவளே அவள்தான். வேறு வழியில்லாமல், மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு எண்ணைத் தட்டினாள். அது அப்பாவின் எண். பெயர் கேட்ட இடத்தில் 'சோதனை' என்று போட்டாள்.

இப்படித்தான், பேருந்து டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வுபெற்ற அவளுடைய அப்பா, நகரத்தின் மறுகோடியில், மாடியே இல்லாத வீட்டில் உட்கார்ந்தபடி லிஃப்ட் வாடிக்கையாளர் ஆனார்.

முதல் செய்தி வந்த அன்று பதறிப்போய்க் கூப்பிட்டார். "ஏம்மா, 'திரு. சோதனை, உங்கள் லிஃப்டுக்கு நாளை சர்வீஸ்'னு வந்திருக்கு. எனக்கு ஏது லிஃப்ட்?"

"அது சும்மா டெஸ்டுக்குப்பா. நீங்க கண்டுக்காதீங்க."

கண்டுகொள்ளாமல் இருக்கத் தெரிந்தவர் டைம்கீப்பர் வேலையில் முப்பது வருடம் இருக்க முடியுமா? அடுத்த வாரமே மறுபடி போன். "நாளை இருபத்தைந்து மணிக்கு மெக்கானிக் வருவார்னு போட்டிருக்கு. எந்த டிப்போவுலம்மா இருபத்தஞ்சு மணிக்கு வண்டி எடுக்கறாங்க?" அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். அவர் சொன்னது சரி. அந்தச் செய்தி மட்டும் ஊரெல்லாம் போயிருந்தால் அலுவலகத்தின் மானம் கப்பலேறியிருக்கும்.

அம்மா இருந்தவரை அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் பேச்சு அம்மா வழியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. "அப்பா சாப்பிட்டாரான்னு கேளு", "அவ நல்லா இருக்காளான்னு கேளு" என்று இரண்டு பக்கமும் அம்மாவிடமே கேட்டுக்கொள்வார்கள். அம்மா போன பிறகு இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு என்ன பேசுவதென்று தெரியாமல் முழித்தார்கள். பாசம் இல்லாமல் இல்லை, பழக்கம் இல்லை. அந்த நேரத்தில் கைகொடுத்தது இந்த வீணாய்ப்போன குறுஞ்செய்திதான். செய்தி வரும், அவர் அதில் ஒரு தப்புக் கண்டுபிடித்துக் கூப்பிடுவார், அவள் திருத்துவாள், அப்படியே பேச்சு நழுவி மூட்டுவலிக்கும் மழைக்கும் போகும். வாரத்துக்கு இரண்டு மூன்று போன். அந்தக் குடும்பத்தில் மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான், அதுவும் அந்த ஒற்றை நூலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இது அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா என்றால், வேலை மும்முரத்தில் யோசித்ததே இல்லை.

மென்பொருளின் புது வெளியீடு வருடத்துக்கு மூன்று முறை வரும். வழக்கமாக அது வந்தால் அட்மின்களுக்குத் திண்டாட்டம்தான். நேற்று இருந்த மெனு இன்று வேறு மூலையில் இருக்கும். ஆளாளுக்கு வந்து அவள் தலையை உருட்டுவார்கள். இந்த முறை மட்டும் அதிசயமாக, அட்மின் என்றொரு ஜீவன் இருக்கிறது என்று யாரோ நினைத்துப் பார்த்திருந்தார்கள். ஒரு பணியாளருக்கு ஏன் ஒரு பட்டன் தெரியவில்லை என்று கண்டுபிடிக்க முன்பு அரை நாள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். இப்போது அவர் பெயரைத் தொட்டால் காரணத்தை அதுவே சொன்னது. திரையில் யாரும் நிரப்பாத பெட்டிகளை எல்லாம் தேடிப் பிடித்து, 'இதை எடுத்துவிட்டால் ஒன்றும் கெடாது' என்றது. நூறு பேருக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்த அனுமதியை ஒரே மூச்சில் கொடுக்க முடிந்தது. அவளுக்கு அந்தத் திரையைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சோதிப்பதற்கென்றே ஒரு வசதி. திரையிலேயே ஒரு போன் படம் வரும். செய்தி எப்படிப் போய்ச் சேரும் என்று அதில் காட்டும். தேதி, நேரம் பிசகினால் சிவப்புக் கோடு போடும். இருபத்தைந்து மணி என்று எழுதிப் பார்த்தாள், உடனே பிடித்துவிட்டது. கெட்டிக்காரத்தனம்தான். கடைசியில் பணிவாக ஒரு கேள்வியும் கேட்டது: 'சோதனைப் பதிவில் உண்மையான எண் ஒன்று உள்ளது. நீக்கிவிடலாமா?'

'ஆம்' என்று அழுத்திவிட்டாள். நமக்குத்தான் பக்கென்கிறது, அவளுக்கு ஒரு வேலை முடிந்த திருப்தி.

அதன்பின் வேலை வழுக்கிக்கொண்டு ஓடியது. மாலை நான்கு மணிக்கெல்லாம் கை காலியானது. காலியான கையைப் பார்த்தால் எந்த மேனேஜருக்குத்தான் பொறுக்கும்? "நேரம் இருக்குல்ல, அந்த இன்னொரு கிளையோட டேட்டாவையும் பார்த்துடேன்" என்று அவர் சிரித்துக்கொண்டே தலையில் கட்டினார். அவளும் சரியென்றாள். மிச்சமான நேரம் வந்த வழியே போய்விட்டது.

ஓரிரு முறை, என்னவோ குறைகிறதே என்று தோன்றியது. அப்பா கூப்பிடவில்லை. உடம்புக்கு ஒன்றும் இருக்காது, இருந்தால் கூப்பிட்டிருப்பார் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு அடுத்த கோப்பைத் திறந்தாள். இப்படியே மாதம் ஒன்று ஓடிப்போனது.

ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்தபோது, புகார்ப் பிரிவில் போன் எடுக்கும் பெண் ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டியபடியே விறுவிறுவென்று வந்தாள்.

"அக்கா, உங்க புது வெர்ஷன் ஒரு கஸ்டமரை முழுங்கிடுச்சு."

அட்மின் அக்கா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். வாடிக்கையாளரின் பதிவு தொலைவதைவிடப் பெரிய கேடு இந்தத் தொழிலில் கிடையாது. "என்ன சொல்ற? யாரு?"

"ஒரு பெரியவர். ஆறு வருஷமா நம்ம கஸ்டமராம். நம்பரைப் போட்டா அப்படி ஒரு ஆளே இல்லைங்குது. நான் இல்லைன்னு சொல்லச் சொல்ல, 'நல்லாப் பாரும்மா, இருப்பேன்'ங்கறாரு. பாவமா இருந்துச்சு."

எதை நீக்கினோம், எப்போது நீக்கினோம் என்று அவள் விரல் பரபரவென்று தேட ஆரம்பித்தது. "என்ன புகாராம்? லிஃப்ட் நின்னுபோச்சா?"

"அதான் வேடிக்கை. லிஃப்டுக்கு ஒண்ணும் இல்லையாம். 'முன்னாடி வாரா வாரம் மெசேஜ் வரும்மா, இப்ப ஒரு மாசமா ஒண்ணுமே வரல'ங்கறாரு. மெசேஜ் வரலன்னு புகார் குடுக்கற மனுஷனை இப்பதான் பார்க்கறேன். பேரு கேட்டா அதைவிட வேடிக்கை."

"என்ன பேரு?"

"சோதனை. திரு. சோதனை."

தேடிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டாருக்கா. 'அங்க வேலை பாக்கறவங்க எல்லாரும் நல்லா இருக்காங்கல்லம்மா? யாரையும் வேலையை விட்டு அனுப்பிடலயே?'ன்னு. எல்லாரும் நல்லா இருக்கோம் சார்னேன். 'அப்ப சரி'ன்னாரு. ஆனா போனை வைக்கல. நம்பர் சொல்லவா? ஒன்பது, எட்டு..."

மிச்ச எண்களை அட்மின் அக்காவே சொல்லி முடித்தாள். புகார்ப் பிரிவுப் பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஹெட்செட்டை மறுபடி காதில் மாட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

உடனே போன் செய்திருக்கலாம். செய்து என்ன சொல்வது? சாரிப்பா, மெஷின் உங்க வேலையைப் பார்த்துக்கிச்சு என்றா? அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். சோதனைப் பதிவில் அப்பாவின் எண்ணைத் திரும்பச் சேர்த்து, அதன்பேரில் ஒரு புகாரைத் திறந்தாள். 'செல்ல வேண்டிய பணியாளர்' என்ற இடத்தில் மெக்கானிக்குகள் பெயர் மட்டும்தான் வரும். அட்மினுக்கு அங்கே இடம் கிடையாது. தனக்கு மெக்கானிக் அனுமதி கொடுத்துக்கொண்டாள். புது வெளியீட்டின் புண்ணியத்தில் ஒரே கிளிக். ஊருக்கெல்லாம் அனுமதி கொடுத்தவள் தனக்கென்று எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அன்று மாலை ஐந்து மணி என்று நேரம் போட்டு அனுப்பினாள். செய்தி திரைப் போனுக்குப் போகாமல் நிஜப் போனுக்குப் போனது.

பையோடு கிளம்பியவளை மேனேஜர் வாசலில் பிடித்தார். "எங்கே?"

"சைட் விசிட் சார்."

"அட்மினுக்கு ஏதும்மா சைட்?"

"கஸ்டமர் புகார் சார். தப்பு என்னுது." அவர் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

அப்பா கதவைத் திறந்தபோது இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். யாரோ மெக்கானிக் வரப்போகிறார் என்று தயாராக நின்றிருக்கிறார். மகளைப் பார்த்ததும் கண் விரிந்தது. சந்தோஷத்தை முகத்தில் காட்டக் கூடாது என்று பாடுபட்டார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு மணின்னு போட்டிருந்துச்சு. இப்ப அஞ்சு இருபது."

"பஸ் லேட்டுப்பா."

"எந்த ரூட்டு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் டீ போடப் போனார்.

அவள் சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள். அடுப்பைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: "உனக்கு வேலை போயிடுச்சோன்னு நெனச்சேன். கேட்டா சங்கடப்படுவியேன்னு கேக்கல."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேப்பா."

"பண்ணலாம். என்ன சொல்லிப் பண்றது?" அவர் திரும்பவில்லை. "மெசேஜ் வந்தா அதுல ஏதாவது தப்பு இருக்கும். அதைச் சொல்லிப் பண்ணலாம்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. புது மென்பொருள் தப்பை எல்லாம் தானே பிடித்துவிடும் என்பதை அவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. டீயை வாங்கிக்கொண்டு கணக்குப் பிரிவுக்காரரின் காணாமல்போன பட்டனைப் பற்றிச் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். டிப்போவில் ஒரு டிரைவர் வண்டியையே மறந்துவிட்டுப் போன கதையைச் சொன்னார். அம்மா இல்லாத வீட்டில் குறுஞ்செய்தி இல்லாமல் அவர்கள் பேசியது அன்றுதான். தொடக்கத்தில் இரண்டு பேருமே கொஞ்சம் தடுமாறினார்கள். பிறகு வந்துவிட்டது.

இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும். அவள் போனை எடுத்தாள். புகாரை மூட வேண்டுமானால், வாடிக்கையாளரின் போனுக்கு வந்திருக்கும் நான்கு இலக்க எண்ணை அவரே சொல்ல வேண்டும். வேலை செய்யாமலே செய்ததாக மெக்கானிக்குகள் ஏமாற்றக் கூடாதென்று அவள் வைத்த ஏற்பாடு அது.

"அந்த நம்பரைச் சொல்லுங்கப்பா, புகாரை முடிச்சுடறேன்."

அவர் தன் போனைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "'பணி முழுமையாக முடிந்த பிறகு மட்டும் இந்த எண்ணைச் சொல்லவும்.' அப்படித்தானே போட்டிருக்கு?"

"ஆமாம்ப்பா."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இன்னும் முடியலயே."

புகார் இன்றுவரை திறந்தேதான் இருக்கிறது. மூடாத புகார்களைச் சிவப்பில் கொட்டை எழுத்தில் காட்டுவதும் புது வெளியீட்டின் வசதிகளில் ஒன்று. வாரா வாரம் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இந்த சோதனை? இன்னுமா நம்பர் குடுக்கல?" என்று தலையில் கைவைத்துக்கொள்கிறார்.

"கஸ்டமருக்கு இன்னும் திருப்தி இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, அட்மின் அக்கா நான்கு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள்.