ரப்பர் பாடம்

என் அண்ணன் பொறியியல் கல்லூரியில் கட்டுமானப் பாடம் எடுக்கும் பேராசிரியர். ஒவ்வொரு பருவம் முடிந்ததும் மாணவர்கள் பெயர் போடாமல் அவரைப் பற்றிக் கருத்து எழுதுவார்கள். அதை அவரே சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டுவார். அன்றைக்கு எங்களுக்குத் தொட்டுக்கொள்ள வேறு எதுவும் தேவைப்படாது.

“‘சார் எங்களைக் கைக்குழந்தைகள் என்று நினைக்கிறார்.’ ‘ரப்பரை வளைத்தே ஒரு மணி நேரம் போய்விடுகிறது.’ ‘பாடம் நடத்துவதற்கு முன்பே விடையைக் கேட்கிறார். விடை தெரிந்தால் நாங்கள் ஏன் வகுப்புக்கு வருகிறோம்?’”

கடைசியாக எழுதியவன் நியாயஸ்தன் என்று சொல்லி நான் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை.

ரப்பர் சமாசாரம் இதுதான். கான்கிரீட்டை அமுக்கினால் தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். அதனால் எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அந்தப் பக்கம் கம்பி போட வேண்டும். ஒவ்வொருவரும் பென்சில் அழிக்கிற நீள ரப்பர் ஒன்றைக் கொண்டுவந்து, மேலும் கீழும் பிளேடால் லேசாகக் கீறி, வளைத்துப் பார்க்க வேண்டும். எந்தக் கீறல் வாயைத் திறக்கிறதோ அங்கேதான் கம்பி. வகுப்பு முழுக்க அதைக் கையால் கண்டுபிடித்துச் சொல்கிறவரை அண்ணன் கரும்பலகையில் ஒரு எண்கூட எழுத மாட்டார். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

அந்த வருடம் துறைத் தலைவர் கூப்பிட்டு நயமாகச் சொல்லிவிட்டார். மாணவர்கள் அவருக்குப் போடும் மதிப்பெண் இன்னொரு முறை இப்படி வந்தால் பாடம் வேறொருவருக்குப் போகும். அண்ணனுக்கு அந்தப் பாடம்தான் உயிர்.

“பரீட்சைக்கு வர்றதச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்களேன். பாடமே கையவிட்டுப் போனா ரப்பர வச்சு என்ன பண்ணப்போறீங்க?” என்றாள் அண்ணி. நானும் ஒத்து ஊதினேன்.

அடுத்த பருவம் ரப்பர் போயிற்று. செய்து முடித்த கணக்குகளாக நோட்ஸ் அடித்துக் கொடுத்தார். எல்லாமே இரண்டு சுவர்களுக்கு நடுவே கிடக்கும் உத்திரம்; அதில் இழுபடுவது அடிப்பக்கம், அதனால் கம்பி அடியில். பரீட்சையில் வருடா வருடம் வருவது அதுதான். கருத்துகள் கொட்டின. ‘சார் தெய்வம்.’ ‘சொன்ன கேள்வி அப்படியே வந்தது.’ துறையிலேயே அவருக்குத்தான் முதலிடம். வாசித்துக் காட்டச் சொன்னேன்.

“சாப்பிடுடா,” என்றார்.

சில வருடம் கழித்து நான் வீடு கட்டினேன். எதிர் வீட்டு பால்கனியைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. வரைபடத்தில் இல்லாததைக் கேட்டேன். அந்த வீட்டைக் கட்டிய இளம் இன்ஜினியர்தான் என் வீட்டையும் கட்டினான். அதுக்கென்ன சார், போட்டுடலாம் என்றான். கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் போடுவதற்கு முன் ஒரு பார்வை பார்க்கட்டும் என்று அண்ணனைக் கூட்டிப்போனேன்.

அவரைக் கண்டதும் அந்தப் பையன் ஓடிவந்தான். அவரிடம் படித்தவனாம். எனக்கே அப்போதுதான் தெரியும்.

“உங்க நோட்ஸாலதான் சார் நான் பாஸானேன். இன்னும் பத்திரமா வச்சிருக்கேன்.”

அண்ணன் முகம் மலர்ந்தது. பிறகு அவர் கம்பியைப் பார்த்தார்.

“ஏம்பா, கம்பியெல்லாம் அடியில கிடக்கு?”

“உங்க நோட்ஸ்ல அப்படித்தான சார் இருக்கு?”

அவன் குத்திக்காட்டவில்லை. பெருமையாகத்தான் சொன்னான்.

“ரப்பர் இருக்கா?” என்றார் அண்ணன். அவன் பையைத் துழாவி ரப்பரும், பென்சில் சீவும் பிளேடும் எடுத்துக் கொடுத்தான். அவர் மேலும் கீழும் கீறினார். ஒரு முனையைச் செங்கல்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையை அவனையே அமுக்கச் சொன்னார். மேல் கீறல் வாயைத் திறந்தது; நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்குக் கம்பி மேலேதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது, கெட்டிக்காரப் பையன்தான். எங்கள் மேசைச் சிரிப்பெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது.

“இத ஏன் சார் எங்களுக்குச் சொல்லல?” என்றான்.

“வேற எங்கப்பா இப்படிப் போட்டிருக்க?” என்று கேட்டார் அண்ணன்.

அவன் எதிர் வீட்டைப் பார்த்தான். அந்த பால்கனியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகள் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தன.

அண்ணன் படியிறங்கிய வேகத்தில் ஒரு செருப்பு கழன்று படியிலேயே கிடந்தது. ஒற்றைச் செருப்போடு தெருவைக் கடந்துபோய் கீழே நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தார்.

“அம்மா, பிள்ளைங்களக் கூட்டிட்டு மெதுவா உள்ள போங்க. இனிமே யாரும் அங்க நிக்கவேண்டாம். சரி பண்ற வரைக்கும் கதவப் பூட்டி வைங்க.”

அவள் பிள்ளைகளை உள்ளே தள்ளிவிட்டு, பால்கனிக் கதவு நிலையில் நின்றபடி அவரை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்க யாரு?”

பேராசிரியர் என்று சொல்வார் என நினைத்தேன். பல் டாக்டரிடம்கூட அப்படித்தான் சொல்லுவார்.

“இதக் கட்டின பையனுக்குப் பாடம் எடுத்தவன்மா,” என்றார்.