நிதானமான ஆள்

அரசு வழக்கறிஞர் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையில் இரண்டாம் பக்கத்தை வாசிக்க ஆரம்பித்ததும், அவை தான் சொன்ன வார்த்தைகள் என்பது மோனிஷாவுக்குப் புரிந்துவிட்டது. மலையாளத்தில் கேட்டாலும் தன் பேச்சு தனக்குத் தெரியாதா?

கூண்டில் அவள் அண்ணன் சுடலை நின்றான். அவன்மேல் கொலைப் பிரிவு நிற்கவில்லை. தோட்டத்தில் வேலை வாங்கும் பாண்டித்துரை மேஸ்திரியின் வீட்டு முற்றத்தில் வாய்ச்சண்டை முற்றி, ஒரே வெட்டில் மேஸ்திரி செத்துப்போனார். அதனால் கோர்ட்டு அதற்குக் கீழ்ப் பிரிவில்தான் அவனைக் குற்றவாளி என்றது. அதில் ஐந்து வருஷத்திலிருந்து பத்து வருஷம் வரை கொடுக்கலாம், ஆயுளும் கொடுக்கலாம். எது என்பதுதான் இன்றைக்குத் தெரியவேண்டும்.

"குற்றத்தோட கனம் கூட்டுறது எது, குறைக்கிறது எது, ரெண்டும் நோக்கிப் பார்த்துத்தான் ஜட்ஜி தீர்மானிப்பார்" என்று அவர்களுடைய மலையாளி வக்கீல் நிமி சொல்லியிருந்தாள். குறைப்பதைத் தேடித்தான் அந்த அதிகாரி போன மாதம் பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தார்.

அன்று மோனிஷா எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு சொன்னாள். லயத்தில் ஒருவனைப் பழிப்பதென்றால் குடிகாரன் என்பார்கள், இல்லை முன்கோபி என்பார்கள். அண்ணன் இரண்டும் இல்லை என்று காட்டிவிட வேண்டும் என்பதே அவள் கவலை. அண்ணன் குடிக்க மாட்டான். தேயிலைச் செடியைத் தறிக்கும் கவ்வாத்துக் காலத்தில் கத்தியைத் தினமும் சாயந்திரம் தீட்டி வைப்பான். மொண்ணைக் கத்தி கிளையைக் கிழித்துவிடும் என்பான். சம்பவத்தன்றும் அப்படித்தான். மத்தியானம் மேஸ்திரி அத்தனை பேர் முன்னால் அம்மாவைப் பற்றிக் கேவலமாகப் பேசியும் அண்ணன் கை ஓங்கவில்லை. வீட்டுக்கு வந்தான், குளித்தான், சோறு தின்றான், கத்தியைத் தீட்டினான். மூன்று மணி நேரம் கழித்துத்தான் வெளியே போனான்.

"அவ்வளவு நிதானமான ஆளு சார்" என்று முடித்தாள். அதிகாரி ஒன்று விடாமல் எழுதிக்கொண்டது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

இப்போது அரசு வழக்கறிஞர் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். மூன்று மணி நேரம். வயிறாரச் சாப்பாடு. தீட்டிய கத்தி. வெறுங்கையோடு நின்ற மனிதன். பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியின் மகள். "இது ஆத்திரத்தில் செய்தது இல்லை. குடும்பமே சொல்கிறது."

தண்டனை இரண்டரை மணிக்கு என்று சொல்லிவிட்டு நீதிபதி எழுந்துபோனார். வராந்தாவில் காவலர் இரண்டு நிமிஷம் பேசவிட்டார்.

"ஏட்டி, பரீட்சையில பெயிலானவ மாதிரி நிக்க?" என்றான் சுடலை.

"நான்தாண்ணே சொன்னேன். நீ குளிச்சது, சாப்பிட்டது எல்லாம்."

அவன் முகம் மாறியது. "நான் எங்கட்டி சாப்பிட்டேன்? கை நடுங்குன நடுக்கத்துல ஒரு வாய் இறங்கலை. தட்டோட கொண்டுபோயி பின்னால நாய்க்குக் கொட்டுனேன். தலையில அத்தனை தண்ணி ஊத்தியும் அடங்கலை."

அவள் பார்த்தது காலித் தட்டைத்தான். மீதியைத் தானாகவே நினைத்துக்கொண்டாள். நினைத்ததைத் தாளிலும் எழுதினாள்.

நிமியிடம் ஓடினாள்.

"இது நேரத்தே, முன்னாடியே சொல்லக் கூடாதா மோளே?"

"எனக்கே இப்பத்தான் தெரியும் மேடம்."

இரண்டரை மணிக்கு நிமி எழுந்து சொல்லத்தான் செய்தாள். "இன்று காலை வாசித்த அறிக்கையில் சாப்பிட்டிருந்தவர் மத்தியானத்துக்குள் பட்டினி ஆகிவிட்டார்" என்றார் அரசு வழக்கறிஞர். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. ஒரு வரி குறித்துக்கொண்டு, வாசிக்கத் தொடங்கினார். வயது இருபத்தெட்டு, முன்குற்றம் கிடையாது, உழைத்துப் பிழைப்பவன் என்று வரிசையாகச் சொன்னார். பிறகு "ஆனால்" என்றார். ஆயுள் தண்டனை.

சுடலை அவளைப் பார்க்காமலே போனான். ஒருவேளை பார்த்திருக்கலாம், நடுவில் ஆட்கள் நின்றார்கள்.

"ஹைக்கோர்ட்டில் அப்பீல் போடலாம்" என்றாள் நிமி. கேஸ் கட்டைக் கட்டிக்கொண்டே, "இந்த ரிப்போர்ட்டும் கூடவே போகும்" என்றாள்.

முட்டிவலியால் வரமுடியாமல் லயத்தில் இருந்த அம்மா குருவம்மாள் அதற்குள் மூன்று முறை போன் செய்துவிட்டாள்.

"எத்தனை வருசம்டி?"

"ஆயுளும்மா."

"அதுக்கும் ஒரு கணக்கு இருக்கும்லா. எத்தனை?"

மோனிஷா நிமியைப் பார்த்தாள். "பதினாலு வருஷம் கழிஞ்சா சர்க்கார் ஆலோசிக்கலாம். விடுவாங்கன்னு உறப்பு, உறுதி ஒண்ணும் இல்லை" என்றாள் நிமி. அதை அம்மாவிடம் சொல்லாமல் மோனிஷா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். போனில் அம்மா மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"ஏட்டி, நீ எல்லாத்தையும் ஒழுங்காச் சொன்னியா? அவன் எப்படிப்பட்ட பிள்ளைன்னு?"

"சொன்னேம்மா."

"ஒண்ணும் விட்டுறலையே?"

"விடலைம்மா."