காடு மூடிய லாரி

பர்ரெய்ரு ஊர் ரயில் பட்டறையில் யூரிக்கோவைப் போல நட்டு போல்ட்டை மதிக்கிற ஆள் இன்னொருவன் கிடையாது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அவன் கைக்கு ஓய்வில்லை. சமையலறை மேஜையில் ஏழு மாதமாக ஒரு ராணுவ லாரி வளர்ந்துகொண்டிருந்தது. அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு, சாண் நீளந்தான். ஆனால் என்ன லாரி! என்ஜினுக்குள் போகிற ஒயரைத் தலைமுடி கனத்துக்குச் செம்புக் கம்பியில் இழுத்திருந்தான். வண்டித் தரையில் அடுக்கிய மணல்மூட்டை ஒவ்வொன்றிலும் தையல் தெரிந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் அரை விரல் உயரத்தில் ஓர் ஓட்டுநர். மாடல் செய்கிறவர்களின் சங்கத்தில் பார்த்தவனெல்லாம் வாயடைத்துப் போனான்.

இவ்வளவும் யாருக்காக? சங்கத்துப் போட்டியில் கிடைக்கிற பதக்கத்துக்காகவும்தான், பொய் சொல்வானேன். ஆனால் அதைவிட அத்தான் செராஃபிமுக்காக. அக்கா கிராசாவைக் கட்டிய செராஃபிம், வாலிப வயதில் இவர்கள் நாட்டின் காலனியாக இருந்த ஆப்பிரிக்கக் கினேயில், சண்டை நடந்த காட்டில் இரண்டு வருஷம் இதே மாதிரி லாரியை ஓட்டியவர். அதுவும் வரிசையில் முதல் வண்டி. கண்ணிவெடி இருந்தால் இதிலேயே வெடித்துத் தொலையட்டும் என்று மணல்மூட்டையை அடைத்து, ஓட்டுநரைத் தவிர வேறு யாரையும் ஏற்றாமல் முன்னால் அனுப்புகிற வண்டி அது. யூரிக்கோ பட்டாளத்துக்குப் போக வேண்டிய வயது வந்தபோது ஆட்சி கவிழ்ந்து சண்டையும் நின்றுவிட்டது. அவன் தப்பித்தான். தப்பாத அத்தானின் மேல் அவனுக்கு அப்படியொரு மதிப்பு.

அந்த மனிதரோ இருபத்தெட்டு வருஷமாக அந்தக் காட்டைப் பற்றி மூச்சு விட்டதில்லை. யாராவது கேட்டால் டயர் விலையைப் பற்றிப் பேசுவார். இப்போது அவர் டவுன் பஸ் ஓட்டுகிறார். தான் செய்ததைப் பார்த்து, “ஆமாடா, இப்படித்தான் இருந்துச்சு” என்று அவர் ஒரே ஒரு தரம் சொல்ல வேண்டும். யூரிக்கோவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

போட்டிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, லாரியை, அதைச் சுற்றிச் செய்த குட்டிக் காட்டோடு பலகையில் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்குப் போனான்.

“டேய், சாப்புடுற எடத்துல எதுக்குடா பட்டாளத்தைக் கொண்டாந்து எறக்குற?” என்றாள் கிராசா. “அந்த மனுஷன் கண்ணுல படாம எடுத்துட்டுப் போயிடு, சொல்லிட்டேன்.”

அதற்குள் செராஃபிம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“அருமை மாப்ளே. கைன்னா இதான் கை” என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து உப்புமீனைத் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“அவ்வளவுதானா அத்தான்?”

“வேற என்ன? வண்டி அச்சு அசலா இருக்கு.”

“காடு?”

செராஃபிம் வாயிலிருந்து ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். “காடு எங்கடா இருக்கு? இது பார்க்கு. நடுவுல ஒரு பெஞ்சு போட்டீன்னா கெழவனுங்க வந்து சீட்டாடுவானுங்க.”

கிராசா சிரித்துவிட்டாள். யூரிக்கோவின் முகம் சுண்டிப்போயிற்று. செராஃபிம் அவனைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “எனக்கு முன்னால ஒருத்தன் கம்பியால மண்ணைக் குத்திக் குத்திப் பாத்துக்கிட்டே நடப்பான். எலை மறைச்சு அவன் முதுகே எனக்குத் தெரியாது மாப்ளே. பின்னால வர்ற வண்டி இருக்கா இல்லையான்னு காதுலதான் கண்டுக்கணும்.”

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அந்தக் காட்டைப் பற்றி இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். உடனே ஒயினைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது யூரிக்கோவுக்கு. வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்துப் பார்த்தான். அத்தான் சொன்னது சத்தியம். மரங்களெல்லாம் லாரிக்கு மரியாதையாக வழிவிட்டு நின்றன. மாடல் செய்கிறவன் புத்தி அப்படித்தான் போகும். ஏழு மாதம் இழைத்ததை இலையால் மூட யாருக்கு மனசு வரும்? நடுவர்கள் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், கண்ணுக்குத் தெரிகிறதற்குத்தான் மதிப்பெண். மூடினால் பதக்கம் போச்சு. மூடாவிட்டால் அத்தானுக்கு அது வெறும் பார்க்கு.

திங்களன்று ராத்திரி முழுக்கத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். செவ்வாயன்று பட்டறையில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு, முதல் இலையை என்ஜினின் மேல் ஒட்டினான்.

புதனன்று காலையில் அழைப்புமணி அடித்தது. செராஃபிமுக்கு வார விடுமுறை. பையில் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவர், கேட்காமலே மேஜையில் உட்கார்ந்தார்.

“எங்க, அந்தப் பசையக் குடு.”

பிர்ச் மரத்தின் காய்ந்த காயை உதிர்த்தால் விழுகிற செதில்கள்தான் இலை. ஆற்றங்கரையில் பொறுக்கிய வேர்கள்தான் மரம். காப்பிச் சக்கையும் சாந்தும் கலந்தது சேறு. பஸ் ஓட்டிக் காய்த்துப்போன அந்தத் தடித்த விரல்கள் இடுக்கியைப் பிடித்து ஒவ்வொரு செதிலாக ஒட்டிய அழகை என்னவென்று சொல்வது! “இங்க கொடி தொங்கும், மூஞ்சில அடிக்கும்.” “சேறு இன்னும் செவப்பு மாப்ளே, இன்னும்.” யூரிக்கோ கொடியைத் தொங்கவிட்டான், சேற்றைச் சிவப்பாக்கினான். சக்கரம் மறைந்தது. மணல்மூட்டைகள் மறைந்தன. சாயங்காலத்துக்குள் ஓட்டுநரின் முகம் இருக்கிற ஓர் இடைவெளிதான் பாக்கி. யூரிக்கோ அதற்கும் ஓர் இலையை எடுத்தான்.

செராஃபிம் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். “அதை விட்டுடு.”

“ஆமா அத்தான், நீங்க மட்டுமாவது தெரியணும்.”

“அது நான் இல்லடா.”

யூரிக்கோ இடுக்கியைக் கீழே வைத்தான்.

“அன்னைக்கு எனக்கு உடம்பு கொதிக்கிற காய்ச்சல். எங்க பட்டாளத்துல ஃபோர்துனாத்துன்னு ஒருத்தன், ரொட்டிக்கடைக்காரர் மகன். ‘நீ படு, இந்த ஒரு நடை நான் ஓட்டிட்டு வந்துடறேன்’னு என் வண்டிய எடுத்துட்டுப் போனான். அடுத்தவன் மண்ணுல நமக்கென்னடா வேலைன்னு தெனம் கேக்குறவன். நான் படுத்துக் கெடந்தபடியே வெடிச் சத்தத்தைக் கேட்டேன்.” ஆரஞ்சுத் தோலை விரலால் நசுக்கினார். “அவங்க அம்மாவுக்கு ஒரு கடுதாசி எழுதலாம்னு பாத்தேன். என்னன்னு எழுதுறது? எனக்குப் பதிலா உங்க பையன்னு எழுதவா?”

யூரிக்கோவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தெரிந்த ஒன்றைத்தான் கேட்டான்.

“அவருக்கு முடி என்ன நெறம், அத்தான்?”

செராஃபிம் நிமிர்ந்து பார்த்தார். “செம்பட்டை. காது கொஞ்சம் பெருசு. மீசை வளக்கப் பாத்தான், பாவம், வரல.”

யூரிக்கோ பூதக்கண்ணாடியைத் தலையில் மாட்டினான். மூன்றே மயிர் உள்ள தூரிகையை இலைகளுக்கு நடுவே விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அரிசி அளவு தலையில் செம்பட்டை முடியைத் தீற்றினான். காதுக்கு ஒரு துளி பசையை ஏற்றினான். வராத மீசையையும் விடவில்லை. உதட்டுக்கு மேல் ஒரு நிழல். முக்கால் மணி நேரம் அத்தான் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்து, அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை போட்டியில் நடுவர் டார்ச்சோடு இரண்டு சுற்று வந்தார்.

“லாரி எங்கப்பா?”

“உள்ள இருக்கு.”

நடுவர் தாளில் என்னவோ எழுதிக்கொண்டு நகர்ந்தார். பதக்கம் வேறொருவனின் பீரங்கி வண்டிக்குப் போயிற்று. யூரிக்கோவுக்கு வலிக்காமல் இல்லை. ஒரு காப்பியைக் குடித்து மனதைத் தேற்றிக்கொண்டு திரும்பியபோது, தன் மேஜையைச் சுற்றிக் கூட்டம் நிற்பதைப் பார்த்தான்.

நடுவில் செராஃபிம், கல்யாணங்களுக்குப் போடுகிற கோட்டில். போகிறவர் வருகிறவர் முழங்கையையெல்லாம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற கிராசா, இதையெல்லாம் முதல்தடவையாகக் கேட்கிறவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆட்களுக்கு வழிவிட்டாள்.

“இப்படிக் குனிங்க. இன்னும் கொஞ்சம். இந்த எலைக்கு நடுவுல பாருங்க. செம்பட்டை முடி, தெரியுதா? பேரு ஃபோர்துனாத்து. எனக்குப் பதிலா போனான்.”