சிவப்பு வேன்

மது உள்ளே போனால் ஞாபகம் என்ன ஆகும் என்பதில் அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெளிவான கருத்து இருந்தது. ஆண் குடித்தால் அவன் செய்தது மறந்துபோகும், அதனால் அவனைக் குறை சொல்லக்கூடாது. பெண் குடித்தால் அவளுக்கு நடந்தது மறந்துபோகும், அதனால் அவள் சொல்வதை நம்பக்கூடாது. ஒரே மேசை, ஒரே பாட்டில்தான். ஆனாலும் சரக்கு ஆள் பார்த்து வேலை செய்யும் என்று மேலிடம் முழுமனதாக நம்பியது.

இதில் வந்து மாட்டிக்கொண்டவள் க்ளெயிம்ஸ் பிரிவில் வேலை பார்ப்பவள். விபத்து என்று யாராவது பணம் கேட்டு வந்தால், நிஜமா புளுகா என்று விசாரித்துச் சொல்வது அவள் பொறுப்பு. சின்ன ஓட்டைகூட அவளிடம் தப்பாது என்பதால் ஆபீசில் அவளைக் குண்டூசி என்பார்கள். அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பிரிவுக்குத் தலைவர் பெரிய சார். பொய்க்காரர்களைப் பிடிக்க அவர் ஒரு வித்தை வைத்திருந்தார். விபத்து நடந்த இடத்தில் இல்லவே இல்லாத ஒன்றைப் பற்றி, இருந்தது போலவே சாதாரணமாகக் கேட்பார். "ஓரமா ஒரு சிவப்பு வேன் நின்னுச்சே, அதுல லைட் எரிஞ்சுதா?" நிஜமாக அடிபட்டவன், "வேனா? நான் எதையும் பாக்கலையே சார்" என்று திருதிருவென முழிப்பான். கதை கட்டுகிறவனோ, "எரிஞ்சுது சார், கண்ணே கூசிப் போச்சு" என்பான். முன்னவனுக்குக் காசோலை, பின்னவனுக்கு வாசல். பிறகு அந்த வேன் நாயாகவும் மரமாகவும் மஞ்சள் குடையாகவும் பல வேஷம் போட்டது. ஆபீஸ் பேச்சில் எல்லாமே சிவப்பு வேன்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவனை நம்பலாம் என்பது பெரிய சார் அந்தப் பிரிவுக்குச் சொல்லிவைத்த மந்திரம்.

சேல்ஸ் பிரிவில் மந்திரம் வேறு. வாடிக்கையாளரிடம் 'தெரியாது' என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்பது அங்கே பால பாடம். அதில் கரைகண்டவர் சேல்ஸ் மேனேஜர். கேட்டது எதுவானாலும் பதில் உண்டு; கேட்காததற்கும் உண்டு.

கம்பெனியின் ஆண்டு விருந்து ஒரு ஓட்டலில் நடந்தது. தங்குகிறவர்களுக்கு மாடியில் அறை போட்டிருந்தார்கள். குண்டூசி அன்று நாலு பேரோடு சேர்ந்து சிரித்தாள், குடித்தாள், கொஞ்சம் அதிகமாகவே குடித்தாள். அதன்பிறகு நடந்ததில் பாதி அவளிடம் இல்லை. லிஃப்டில் பட்டனை அமுக்கியது யார், அறைச் சாவி யார் கையில் இருந்தது, எத்தனை மணி, எதுவும் தெரியாது. இருந்த பாதி அப்படியே இருந்தது. கதவின் சங்கிலியை மாட்டிய சத்தம். சேல்ஸ் மேனேஜரின் முகம். அவருடைய கைக்கடிகாரத்தில் சிக்கி முடி இழுபட்ட வலி. வேண்டாம், வேண்டாம் என்று தான் சொன்னது. காதோரம் அவர் சொன்னது: "சும்மா இரு. நாளைக்கு உனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

அவள் புகார் கொடுத்தாள். அந்த மாடியிலிருந்த ஓட்டல் கேமரா அன்றைக்கு எதையுமே பதிவு செய்யவில்லை. அதை மட்டும் யாரும் குடிகாரி என்று சொல்லவில்லை.

வீட்டில் அக்கா, கணக்கு டீச்சர், முதலில் கேட்ட கேள்வி, "ஏண்டி குடிச்ச?" கேட்டுவிட்டு அவளே அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்குள்ளிருந்த டீச்சர் திரும்பி வந்துவிட்டாள்.

"இங்க பாரு, விசாரணையில கேள்வி கேப்பாங்க. எதையும் காலியா விடாத. தெரியலைன்னா எதையாவது எழுதி வைன்னுதான் என் பிள்ளைங்களுக்கே சொல்லுவேன். அவன் டை என்ன கலர்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"டை கட்டியிருந்தானான்னே தெரியலையேக்கா."

"ஊதான்னு சொல்லு. யாரு போய்ப் பாக்கப்போறா? முழுசா சொன்னாத்தான்டி நம்புவாங்க."

"இல்லாததைச் சொன்னா பொய்யாயிடும்க்கா."

"நடந்தது நிஜம்தானே? அதுக்குக் கொஞ்சம் ஒட்டுப்போட்டா என்னடி பாவம்?"

அக்கா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உலகம் எப்படி மார்க் போடும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். பெரிய சார் தலைவர். எச்.ஆர். மேடம் எழுதுகிறவர். மூன்றாமவர் வெளியிலிருந்து வந்த வக்கீல். பிஸ்கட் தட்டு காலியாகும்வரை நடுநிலை வகித்தார். அந்த விருந்தில் மேடமும் குடித்தார், பெரிய சாரும் குடித்தார். அதைப் பற்றி அங்கே பேச்சே எழவில்லை.

"எத்தனை கிளாஸ்மா?" என்று தொடங்கினார் மேடம். "என்ன சரக்கு? யாரு ஊத்திக் கொடுத்தா? வேணாம்னு ஏன் சொல்லலை?"

"வேணாம்னு சொன்னேன் மேடம். திரும்பத் திரும்பச் சொன்னேன்."

"நான் ட்ரிங்க்ஸைப் பத்திக் கேக்கறேன்" என்றார் மேடம்.

லிஃப்டைக் கேட்டார்கள், தெரியாது என்றாள். சாவியைக் கேட்டார்கள், தெரியாது என்றாள். ஒவ்வொரு 'தெரியாது'வுக்கும் மேடத்தின் பேனா திருப்தியாக ஒருமுறை தலையாட்டியது. கடைசியில் பெரிய சார், முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அவர் கட்டியிருந்த டை, அது என்ன கலர்?"

ஊதா என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அக்காவின் முகமும் கூடவே வந்தது.

"தெரியாது சார். டை எதையும் பார்த்த ஞாபகம் இல்லை."

"முன்னாடி நின்ன ஆளோட டைகூடத் தெரியலையாம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார் மேடம். பெரிய சார் அதை அப்படியே எழுத விட்டார். அவள் வெளியே வந்தாள். இவர்கள் நம்பாவிட்டால், இனி இதே கட்டடத்தில் அந்த ஆளுக்குத் தினமும் குட்மார்னிங் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் வேலையை விட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

மறுநாள் வரவேற்பறைச் சுவரில் விருந்துப் படங்களை ஒட்டியிருந்தார்கள். தன் படத்தைப் பார்க்கச் சகிக்காமல் கடந்து போனவள், சட்டென்று திரும்பி வந்தாள். எல்லாப் படத்திலும் சேல்ஸ் மேனேஜர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். எல்லாப் படத்திலும் சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது. டை இல்லை. அவருக்குப் பக்கத்திலேயே, தோளில் கைபோட்டபடி பெரிய சார்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இல்லாத டையைக் கேட்டு, பெரிய சார் அவள்மேலேயே சிவப்பு வேனை ஓட்டிவிட்டிருக்கிறார். அவள் அதில் சிக்கவில்லை. சிக்காததையே ஞாபகம் இல்லை என்று எழுதிக்கொண்டுவிட்டார்கள். இத்தனை வருஷம் எந்தப் பதிலுக்குக் காசோலை கொடுத்தார்களோ, அதே பதிலுக்கு அவளுக்கு வாசலைக் காட்டுகிறார்கள்.

அடுத்த நாள் சேல்ஸ் மேனேஜர் முறை. அவளும் எதிரே உட்கார்ந்திருந்தாள். மனிதர் அன்று அவளைவிட இருமடங்கு குடித்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஆனால் என்ன ஞாபக சக்தி! அவள் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாள், எப்போது தள்ளாடினாள், என்ன செருப்பு போட்டிருந்தாள் எல்லாம் வரிசையாக வந்தது.

"ஒரு தங்கச்சி மாதிரி நினைச்சு, கீழ லிஃப்ட்ல ஏத்திவிட்டேன் சார். நான் மேல போகவே இல்லை. நேரா ஹாலுக்குத் திரும்பிட்டேன்."

"எவ்வளவு தெளிவா சொல்றார்!" என்று வக்கீலே பிஸ்கட்டை நிறுத்திவிட்டு வியந்தார்.

புகார் கொடுத்தவர் தலைவர் வழியாகக் கேள்வி கேட்கலாம் என்று விதி இருந்தது. குண்டூசி பெரிய சாரைப் பார்த்துச் சொன்னாள்.

"சார், என் ரூம் வாசல்ல நாற்காலியா அடுக்கி வச்சிருந்தாங்களே, அது இவருக்கு இடைஞ்சலா இருந்துச்சான்னு கேளுங்க சார்."

பெரிய சார் நிமிர்ந்து பார்த்தார். அவர் பெற்று வளர்த்த வேன் அவர் கண்முன்னாலேயே வந்து நின்றால் அடையாளம் தெரியாமல் போகுமா? கேட்காமல் விட்டுவிடவும் முடியும். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டார்.

சேல்ஸ் மேனேஜர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆமா சார். நான்தான் அதை ஓரமா நகத்தி வச்சேன். இவங்க இருந்த நிலைமைக்கு இடிச்சு விழுந்திருப்பாங்க."



"அந்த மாடியில நாற்காலியே இல்லை சார், ஓட்டல்ல விசாரிச்சுட்டேன்" என்றாள் குண்டூசி. "அதோட, இவர் மேல வரவே இல்லைன்னாரு."

சேல்ஸ் மேனேஜர் சிரித்துப் பார்த்தார். சிரிப்பு ஒட்டவில்லை. "அது... அன்னிக்குக் கொஞ்சம் ஓவராயிடுச்சு சார். போதையில எல்லாம் குழம்பிப் போச்சு."

"பாவம், குடிச்சா அப்படித்தானே ஆகும்" என்று மேடம் எழுதப்போனார். பெரிய சார் அந்தப் பேனாவைப் பிடித்து நிறுத்தினார்.

"குடிச்சா மறக்கும் மேடம். நடந்ததுல பாதி காணாமப் போகும். இல்லாத நாற்காலியை நகத்தி வைக்கறதுக்குக் குடிச்சிருக்கணும்னு இல்லை, பொய் சொன்னா போதும்."

"சார், டை என்ன கலர்னும் எழுதச் சொல்லுங்க சார்" என்றாள் குண்டூசி.

பெரிய சார் மேடத்தின் பக்கம் திரும்பினார். "அவர் டை கட்டலை. அப்படியே எழுதுங்க."

சேல்ஸ் மேனேஜரை வேலையை விட்டு நீக்கினார்கள். போலீசுக்குப் போக அவளுக்கு அந்த அறிக்கையின் நகலும் கிடைத்தது. கம்பெனியும் பாடம் கற்றுக்கொண்டது. இனிமேல் விருந்துகளில் பெண் ஊழியர்களுக்குப் பழச்சாறு மட்டுமே வழங்கப்படும் என்று மேடத்தின் கையெழுத்தோடு சுற்றறிக்கை வந்தது.

அன்று மாலை பெரிய சார் அவள் மேசைக்கு வந்து, உட்காராமல் நின்றார்.

"டையைக் கேட்டப்பவே எனக்குத் தெரியும்மா, நீ சொல்றது நிஜம்னு."

"அப்புறம் ஏன் சார் அன்னிக்கு ஒண்ணும் சொல்லாம இருந்தீங்க?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"தெரியலம்மா."

குண்டூசி எத்தனையோ பேர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு நம்பியிருக்கிறாள். இவர் சொன்னதை அவள் நம்பவில்லை.