உஸ்மாவின் பித்தப்பை

உஸ்மாவின் பெயர் அந்த லேபில் இல்லை. கவுண்டரில் இருந்த பெண் பழைய பதிவுகளையெல்லாம் சலிக்காமல் புரட்டிவிட்டு, அப்படி ஒரு பித்தப்பை இங்கே வரவே இல்லை என்று பர்மியத்தில் சொன்னாள். நூருன்னிசா இன்னொரு தரம் பார்க்கச் சொன்னாள். போன வருஷம் அவள் கூடப்பிறந்த லாத்தா உஸ்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது, தியேட்டர் வாசலில் பாட்டிலை வாங்கிக்கொண்டு போனவர் லாத்தாவின் புருஷன், மச்சான் தஸ்தகீர். யாங்கோனில் அதுதான் நடைமுறை. வெட்டி எடுத்ததை மருந்துத் தண்ணீரில் போட்டு வீட்டு ஆம்பளை கையில் கொடுத்துவிடுவார்கள். லேபுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் பாடு. "ரிப்போர்ட் நல்லா வந்திருக்கு, வெறும் கல்லுதான்" என்று சொல்லிச் சொந்தக்காரர்களுக்கு பிரியாணி போட்டவரும் அதே மச்சான்தான்.

இப்போது லாத்தா கண்ணெல்லாம் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். ஈரலில் கட்டி, பித்தப்பையிலிருந்து பரவிய புற்று என்று சந்தேகம். பழைய ரிப்போர்ட் எங்கே என்று புது டாக்டர் கேட்டதால்தான் நூருன்னிசா இங்கே வந்து நின்றாள்.

லேபின் டாக்டரம்மா டோ கின் மே அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். பெற்ற உம்மாவும் இதே மஞ்சள் கண்டு மவுத்தாகி மண்ணுக்குப் போனவள். லாத்தா மகள் அப்ஸானாவுக்கும் இப்போது பித்தப்பையில் கல் இருக்கிறது. இது ரத்தத்திலேயே வருகிற சனியனா என்று நூருன்னிசா கேட்டாள்.

"பெரும்பாலும் இல்லை. கல் உராய்ந்து உராய்ந்து பையின் உள்பக்கம் புண்ணாகும். புண் ஆற ஆறப் புது செல்கள் வரும். ஒவ்வொரு தடவையும் மரபணுவைப் படியெடுக்கவேண்டும், அதில் பிழை விழும். செல்லைக் கண்டபடி பெருகவிடாமல் நிறுத்துகிற மரபணு ஒன்று இருக்கிறது, பி53 என்று பெயர். அது கெட்டுப்போனால் பிரேக் இல்லாத பஸ்தான். இந்தப் பிழைகள் பையிலேயே உண்டாகிறவை, கூடப் பிறந்தவை அல்ல. ஆனால் உங்கள் தாய்க்கும் வந்து அக்காவுக்கும் வந்திருக்கிறது என்றால் பார்த்துவிடுவது நல்லது. பாங்காக்கில் ஒரு குழு பார்க்கிறது. புற்றுச் சதையையும் ரத்தத்தையும் வைத்து ஒப்பிடுவார்கள். ரத்தம் இன்றைக்கே எடுக்கலாம். சதை எங்கே?"

"அன்றைக்கே தெரிந்திருந்தால், சயாமா?" என்று டாக்டரம்மாவைப் பர்மிய மரியாதையோடு கேட்டாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஆரம்பத்திலேயே தெரிந்தால் மறுபடி திறந்து, பக்கத்து ஈரலையும் கொஞ்சம் எடுத்துவிடுவோம். சிலர் பிழைத்திருக்கிறார்கள். உங்கள் அக்கா பிழைத்திருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது. யாரும் பார்க்கவில்லையே."

நூருன்னிசா நேராக மச்சானின் குடைக் கடைக்குப் போனாள். கண்ணாடி அலமாரியில் லாத்தாவின் பித்தக்கற்கள் ஒரு அத்தர் பாட்டிலுக்குள் உட்கார்ந்திருந்தன. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அதைக் குலுக்கிக் காட்டுவது அவருக்குப் பெருமை. கல்லை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார் மனுஷன்!

"பை எங்கே மச்சான்?"

தஸ்தகீர் முதலில் மழுப்பினார். அப்புறம் குரலை இறக்கினார். "மையவாடில அடக்கம் பண்ணிட்டேன் நூரு. மனுஷ உடம்புச் சதைம்மா அது. லேப்காரன் துண்டு போட்டுட்டுக் குப்பையில கொட்டுவான். மண்ணுக்குள்ள போகவேண்டியது மண்ணுக்குத்தானே போகணும்?"

"பார்த்துட்டு அடக்கம் பண்ணக்கூடாதுன்னு எந்த ஆலிம்சா சொன்னாரு? மிச்சத்தைக் கேட்டா லேப்லயே திருப்பிக் குடுக்கிறாங்க! ரிப்போர்ட் நல்லா வந்துச்சுன்னு எந்த வாயால சொன்னீங்க?"

"சர்ஜனே வெறும் கல்லுன்னுதானே சொன்னாரு. தையல் பிரிச்சப்பகூட ரிப்போர்ட்டு எங்கேன்னு அவரு கேட்கல. பொம்பளைங்க மனசு சங்கடப்படுமேன்னு..."

அந்த சர்ஜனாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தப் புளுகு அன்றைக்கே உடைந்திருக்கும். வெட்டுவதோடு வேலை முடிந்ததாம் அவருக்கு. இவருக்குப் புதைப்பதோடு முடிந்ததாம். நடுவில் ஒரு பெண்ணின் உயிர் கிடந்ததை ரெண்டு பேருமே கவனிக்கவில்லை. நல்லவர்தான் தஸ்தகீர், தொழுகை தவறாதவர், லாத்தாவைக் கை நீட்டி அடித்தவரில்லை. அந்த நல்லதனத்தை நினைக்க நினைக்கத்தான் கோபம் கூடியது.

"உஸ்மாக்கிட்ட சொல்லிடாதே நூரு. உன் காலைப் பிடிச்சிக் கேக்குறேன்."

"சொல்லுவேன். அவ உடம்பு அது."

சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். உஸ்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்புறம், "அப்ஸானாவுக்கு வருமா வராதான்னு பார்க்க இப்போ என்ன வேணும்?" என்று கேட்டாள். ஈரல் கட்டியிலிருந்து ஊசி வைத்துக் கொஞ்சம் சதை எடுக்கவேண்டும், வலிக்கும், அதனால் லாத்தாவுக்கு ஒரு பிரயோஜனமும் இருக்காது என்றாள் நூருன்னிசா. "எடுக்கச் சொல்லு" என்றாள் உஸ்மா.

மறுநாள் காலையில் கட்டிலில் வைத்தே ஊசி போட்டு எடுத்தார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள் உஸ்மா. நூல் நூலாக வந்த சதை ஒரு குட்டிப் பாட்டிலுக்குள் மிதந்தது. நர்ஸ் பழக்கதோஷத்தில் அறையில் இருந்த ஆம்பளையைத் தேடி, தஸ்தகீரிடம் நீட்டினாள். அவரும் எழுந்து இரண்டு கையையும் ஏந்தினார்.

"அவருக்கிட்ட குடுக்காதே."

கட்டிலிலிருந்து வந்தது குரல். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் புருஷனை எதிர்த்து ஒரு சொல் பேசாதவள். நர்ஸ் விழித்தாள். தஸ்தகீர் ஏந்திய கை ஏந்தியபடி நின்றார்.

"இந்தத் தடவை நானே கொண்டு போய்க் குடுக்குறேன் உஸ்மா. நேரா லேபுக்குத்தான். அல்லா மேல ஆணை" என்றார். அழுதார்.

"வேணாம். சதையை நூரு கொண்டுபோகட்டும்" என்றாள் உஸ்மா. மூச்சு வாங்கியது. "என்னை மையவாடிக்கு நீங்க கொண்டுபோங்க. அதுலதான் நீங்க கெட்டிக்காரரு."

நூருன்னிசா பாட்டிலை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்து, வாசலில் நின்ற சைக்கா ரிக்‌ஷாவில் ஏறினாள்.