முட்டிக்கு ஒரு மலை

ஆபரேஷனுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. இடது முட்டியை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று பொருத்தப் போகிறார்கள். "அதுக்கப்புறம் சமதரையில சைக்கிள் ஓட்டலாம்மா. மலை, மேடு எல்லாத்தையும் மறந்துடுங்க" என்றார் டாக்டர். அதே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் அண்ணி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். வந்ததும் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"ஏய், ரெண்டு வருஷமா ஒரு மலைப் பூங்காவுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தியே. எப்பப் போறோம்?"

நாத்தனார் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். லீவு நாளானால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவாள். அண்ணிக்கு நாற்பத்தாறாவது வயதில் கியர் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். "இந்த முட்டியோடயா அண்ணி? டாக்டர் என்ன சொன்னாரு?"

"போகக்கூடாதுன்னு சொல்லலை."

"கேட்டீங்களா?"

"கேட்டாத்தானே சொல்லுவாரு."

ஈரச் சிமெண்ட் தரையில் ரப்பர் செருப்போடு ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் நின்று நின்றுதான் முட்டி தேய்ந்தது. யார் யாரோ படுத்த விரிப்புகளுக்காக அது வலித்திருக்கிறது. போவதற்குள் ஒரே ஒரு நாள் தனக்காக வலிக்கட்டுமே என்று அண்ணிக்கு இருந்தது. கணவனிடம் இதையெல்லாம் விளக்கவில்லை. "வீங்கிச்சுன்னா என்கிட்ட வந்து முனகக்கூடாது" என்று எரிந்து விழுந்த மனுஷன், அவள் குளிக்கப் போன நேரத்தில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டு, வாசலையும் சேர்த்து நாசமாக்கி வைத்திருந்தார்.

பூங்காவின் சட்டம் எளிமையானது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ரோடு. காவலர்களின் ஜீப்பைத் தவிர மோட்டார் வண்டி எதுவும் கிடையாது. காலை ஏழு மணிக்குக் கீழ்வாசலில் நுழைந்தால், நடுவில் இருக்கும் கணவாயை ஏறி இறங்கி, மாலை ஐந்துக்குள் மறுவாசலைத் தாண்டிவிட வேண்டும். ஐந்தாகியும் ரோட்டில் இருப்பவர்களை ஜீப் அள்ளிப் போட்டுக்கொள்ளும். ஜீப்பில் ஏறிவிட்டால் அது மலையைத் தாண்டியதாகாது. அண்ணி இதை மட்டும் மனதில் நன்றாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

கீழ்வாசலுக்கு வருமுன்பே அவள் பின்சக்கரத்தில் முள் ஏறியது. நாத்தனார் வாசலில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில், கையிலிருந்த ஒரே மாற்று ட்யூபைப் போட்டுக் கொடுத்து, பழையதை அண்ணி கையில் கொடுத்தாள்.

ஏற்றம் இருபத்தைந்து கிலோமீட்டர். முதல் வளைவிலேயே முட்டி பேச ஆரம்பித்தது. ஐந்தாவது வளைவில் திட்டவே தொடங்கிவிட்டது. அண்ணி இருப்பதிலேயே இலேசான கியரில், நடக்கிறவன் தாண்டிப் போகும் வேகத்தில் மிதித்தாள். முடியாத இடங்களில் இறங்கித் தள்ளினாள். தள்ளினாலும் தன் காலில்தானே போகிறாள். அது கணக்கில் சேரும். நாத்தனார் முன்னே போய் நின்று, அவள் வந்ததும் தண்ணீர் கொடுத்து, மறுபடி முன்னே போனாள். ஒரு தடவைகூட "முடியுமா" என்று கேட்கவில்லை. அண்ணிக்கு அந்த மலையில் கிடைத்த பெரிய உதவி அதுதான்.

மரங்கள் குட்டையாகிக் குட்டையாகிக் கடைசியில் இல்லாமல் போயின. புல்லில் நின்ற மான்கள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு, இவளால் ஒரு ஆபத்தும் இல்லை என்று கண்டு மேய்ச்சலைத் தொடர்ந்தன. ஒன்றே முக்காலுக்குக் கணவாயின் உச்சிக் கல்லைத் தொட்டாள். இரண்டு பக்கமும் மலைகள், துவைத்துப் பிழிந்து உதறாமல் போட்ட துணி மாதிரி மடிப்பு மடிப்பாகக் கிடந்தன.

"எப்படி அண்ணி?"

"இஸ்திரி போட ஆள் பத்தாது."

இறங்குவதற்கு முன் நாத்தனார் வேன்காரியின் குரலுக்கு மாறினாள். "கேளுங்க. பிரேக்கை அமுக்கியே வெச்சிருக்கக் கூடாது. பிடிங்க, விடுங்க. பிடிங்க, விடுங்க. இல்லேன்னா சூடேறிடும்."

"சரிடி, சரிடி."

சரி என்றது வாய்தான். சலவைக்கூடத்தில் அண்ணியின் இடம் நீராவி இஸ்திரி மெஷின். மேல்தட்டை இறக்கிக் கைப்பிடியை அமுக்கினால், ஆவி அடங்கும்வரை விடக்கூடாது. விட்டால் தட்டு எகிறி, ஆவி முகத்தில் அடிக்கும். இருபத்திரண்டு வருடம் அந்தப் பாடத்தைப் படித்த கை, சரிவைக் கண்டதும் பின்பிரேக்கை அமுக்கியது. அப்புறம் விடவே இல்லை. எட்டு கிலோமீட்டர். ரப்பர் கருகும் வாசனை வந்தபோதுகூட, பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடி, ஓரப் புல்லில் போய் நின்றது. அண்ணி விழவில்லை. நாத்தனார் ஓடி வந்து சக்கர வளையத்தைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"தோசையே சுடலாம்! விட்டு விட்டுப் பிடிக்கச் சொன்னேன்ல?"

"கை கேக்கலைடி."

ட்யூப் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. ஒட்டுப் போட முடியாது. நாத்தனார் யோசித்தாள். "பரவால்ல. காலையில முள் குத்தின பழைய ட்யூப் இருக்குல்ல, அதுல சின்ன ஓட்டைதான். ஒட்டிடலாம். எங்க வெச்சீங்க?"

அண்ணி மலையைப் பார்த்தாள்.

"அண்ணி?"

"வாசல்ல குப்பைத்தொட்டி இருந்துச்சு."

"தூக்கிப் போட்டுட்டீங்களா!"

"ஓட்டை விழுந்த துணியை நாங்க வார்டுக்கு அனுப்ப மாட்டோம். ஓட்டைன்னா கழிச்சுடுவோம்."

நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. மணி இரண்டே முக்கால். இன்னும் ஒன்பது கிலோமீட்டர். இந்த முட்டியோடு சைக்கிளைத் தள்ளி நடந்தால் ஐந்துக்குள் பாதிகூடத் தாண்ட முடியாது. சரிவில் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே ஆணி இறங்கியது. உட்கார்ந்து போனால்தான் உண்டு.

இரவு லாட்ஜுக்கென்று கொண்டுவந்த பையை அண்ணி புல்லில் கவிழ்த்தாள். இரண்டு துண்டு, ஒரு நைட்டி, ஒரு போர்வை.

"இப்ப என்ன, தூங்கப் போறீங்களா?"

"டயரை ஒரு பக்கம் கழட்டு."

காற்று இல்லையென்றால் டயருக்குள் வேறு எதையாவது திணித்தாக வேண்டும். புடைப்பில்லாமல், கல் மாதிரி இறுக்கமாகத் திணிக்க வேண்டும். அது அண்ணிக்குத் தெரிந்த வேலை. போர்வையை நீளவாக்கில் கிழித்தாள். ஒரு நுனியைக் காலால் மிதித்து, மறு நுனியைப் பிடித்து, தண்ணீர் பிழிகிற முறுக்கில் முறுக்கினாள். துணி கயிறாகி, கயிறு கட்டையானது. அதை வளையத்தைச் சுற்றி வைத்து, இடைவெளி விழுந்த இடங்களில் துண்டுகளைச் செருகினாள். கடைசி ஒரு முழத்துக்கு நைட்டி போனது. நாத்தனார் இரண்டு ஸ்பூன்களால் நெம்பி டயரை உள்ளே தள்ளினாள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"அண்ணி, இது காத்தைவிடக் கெட்டியா இருக்கு."

"துணியைப் பத்தி என்கிட்ட சொல்றியா?"

மூன்றே முக்காலுக்குக் கிளம்பினார்கள். அண்ணியின் பையையும் நாத்தனார் தன் முதுகில் போட்டுக்கொண்டாள். "பின்பிரேக்கைத் தொடாதீங்க. முன்பிரேக்கு மட்டும். நான் சொல்றப்ப பிடிங்க, சொல்றப்ப விடுங்க" என்று பக்கத்திலேயே வந்தாள். "பிடிங்க. விடுங்க. பிடிங்க. விடுங்கன்னா விடணும்!" ஸ்கூல் பிள்ளைகள் ஏன் அவளைக் கண்டு நடுங்குகிறார்கள் என்பது அண்ணிக்கு அன்றைக்குப் புரிந்தது. ஆனால் ஒவ்வொரு "விடுங்க"வுக்கும் கை கொஞ்சம் கொஞ்சமாக விடப் பழகியது. விட்டபோது எதுவும் முகத்தில் அடிக்கவில்லை. குளிர்ந்த காற்றுதான் வந்து தொட்டது.

நாலரைக்கு ஜீப் பக்கத்தில் வந்தது. காவலர் எட்டிப் பார்த்தார். "டயர்ல என்னம்மா, துணி தொங்குது?"

"நைட்டிங்க" என்றாள் நாத்தனார்.

அவர் அதற்குமேல் விசாரிக்கவில்லை. "ஏறிக்குங்க, சைக்கிளைப் பின்னால போட்டுக்கலாம்."

"மணி அஞ்சாயிடுச்சா?" என்று அண்ணி கேட்டாள்.

"அரை மணி நேரம் இருக்கு."

"அப்ப அஞ்சு மணிக்கு வந்து கேளுங்க."

காவலர் சிரித்துக்கொண்டே பின்தங்கினார். ஆனால் போய்விடவில்லை. ஊர்ந்தபடி அவர்கள் பின்னாலேயே வந்தார். ரோடு நிழலுக்குள் நுழைந்து இருட்டிய இடங்களில் விளக்கைப் போட்டு வழி காட்டினார்.

கடைசி அரை கிலோமீட்டர் சமதரை. அங்கே மிதித்தாக வேண்டும். முட்டி மடங்க மாட்டேன் என்றது. "இதோ இந்தக் கம்பம் வரைக்கும்" என்று அண்ணி அதனிடம் கேட்டுக்கொண்டாள். கம்பம் வந்ததும் அடுத்த கம்பத்தைக் காட்டினாள். இப்படியே ஏமாற்றி ஏமாற்றிக் கொண்டுபோனாள். மறுவாசலின் குறுக்குக் கம்பியைத் தாண்டியபோது வாசல் அறையின் கடிகாரத்தில் ஐந்தாக நாலு நிமிடம் இருந்தது.

இறங்க முடியவில்லை. காலைத் தூக்கி எடுக்க வரவில்லை. நாத்தனார் தன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு வந்து, இடுப்போடு சேர்த்துப் பிடித்து இறக்கி, வாசல் அறையின் படியில் உட்கார வைத்தாள். முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. காவலர் ஜீப்பிலிருந்து பிளாஸ்கை எடுத்து வந்து, ஒன்றும் கேட்காமல் இரண்டு பேருக்கும் தேநீர் ஊற்றினார்.

நாத்தனார் டயரைக் கழற்றி நைட்டியை உருவினாள். கருப்பும் பழுப்புமாக, அடையாளமே தெரியவில்லை. "போச்சு அண்ணி. இது இனிமே எங்க வெளுக்கப் போகுது?"

"இதைவிட மோசமானதையெல்லாம் பார்த்திருக்கேன். குடு இங்க."

அண்ணி அதை வாங்கி உதறினாள். நாலாக மடித்து, வீங்கிய முட்டிக்குக் கீழே வைத்துக் காலை நீட்டினாள். முட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடாக, விண் விண்ணென்று துடித்தது.

"போதும்மா" என்றாள் அதனிடம். "நல்லா உழைச்சே. இனிமே அவங்க வந்து உன்னை எடுத்துக்கட்டும்."

பிறகு, பக்கத்தில் வந்து உட்கார்ந்த நாத்தனாரின் தோளில் சாய்ந்துகொண்டு, மீதித் தேநீரை அவள் கோப்பையில் ஊற்றினாள்.