கடைசித் தடுப்பாளராகச் சிரிக்கும் புத்தர்

விருத்தாசலம் கால்பந்து ரசிகர் பேரவையின் நிறுவனத் தலைவர் குருமூர்த்தி, பந்தை ஒருமுறைகூடக் காலால் தொட்டதில்லை. அது ஒரு குறை என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை. செராமிக் பேட்டையில் பொம்மை யூனிட் வைத்திருப்பவர் அவர். சூளைக்குள் இறங்கி நின்றா பொம்மை வேகிறதா என்று பார்க்கிறோம், வெளியே நின்றுதானே பார்க்கிறோம் என்பார். பேரவையில் பதினொரு பேர் இருந்தார்கள். ஓர் அணிக்குச் சரியான எண்ணிக்கைதான், ஓடச் சொன்னால் பாதிப்பேர் தேறமாட்டார்கள்.

எல்லோரும் ஆதரிப்பது கடல் கடந்த ஓர் அணியை. போன வாரம் அரையிறுதியில் அந்த அணி கடைசி நேரத்தில் ஒரு கோல் போட்டது. பேரவை குதித்து முடிப்பதற்குள் வீடியோ நடுவர் படத்தை நிறுத்திக் கோடு இழுத்தார். சக ஆட்டக்காரர் பந்தை உதைத்த நொடியில், கோல் போட்டவரின் கால் பெருவிரல் எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி நின்றதாம். ஆகவே ஆஃப்சைடு, ஆகவே கோல் செல்லாது. தாண்டியது எவ்வளவு என்றால், டீ கப்பின் மேல் பூசும் மெருகின் தடிமன் அளவு.

அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவில் குருமூர்த்தி எழுதினார்: 'இது கேமராவின் கண்கட்டு வித்தை. ஞாயிற்றுக்கிழமை நம் யூனிட்டில் நிரூபிப்பேன். தவறினால் தலைவர் பதவியைத் துறப்பேன்.' பேரவையின் செயலாளர் செந்தமிழன் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். பதிலுக்குக் கட்டைவிரல் ஒன்றை மட்டும் அனுப்பினார்.

துறப்பேன் என்று எழுதும்போது சுகமாகத்தான் இருந்தது. மறுநாள் அச்சகத்திலிருந்து மகள் சிவசங்கரியின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்தபோது குருமூர்த்திக்கு அந்தச் சுகம் போய்விட்டது. சம்பந்தியின் பெயருக்குக் கீழே பட்டம், பதவி, சங்கம் என்று மூன்று வரி. தன் பெயருக்குக் கீழே இருந்தது ஒரே வரி. 'நிறுவனத் தலைவர், விருத்தாசலம் கால்பந்து ரசிகர் பேரவை.' அதுவும் தங்க எழுத்தில். சனிக்கிழமைக்குள் சேத்தியாத்தோப்புச் சொந்தங்களுக்குப் பாதிப் பத்திரிகை போய்ச் சேர்ந்தும் விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பேக்கிங் ஷெட்டில் மேஜைமேல் பச்சைத் துணி விரித்துத் தயாராக இருந்தார். ஆட்டக்காரர்களைத் தன் சரக்கிலிருந்தே எடுத்திருந்தார். கோல் போட்டவராகப் புல்லாங்குழல் கிருஷ்ணர். கடைசித் தடுப்பாளராகச் சிரிக்கும் புத்தர். கோல்கீப்பர் ஆந்தை உண்டியல். பந்தை உதைத்துக் கொடுத்தது குடம் சுமக்கும் பெண். புத்தரின் தொப்பைக்கு நேர் கீழே வெள்ளை நூல் ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார்.

"புல்லாங்குழல் கணக்குல வருமாண்ணா?" என்று கேட்டாள் அன்பரசி. பேரவையின் பொருளாளர் அவள்.

"ஆஃப்சைடுக்குக் கையே கணக்குல வராதும்மா. கையில இருக்கறது எப்படி வரும்?"

சட்ட அறிவைக் கண்டு ஷெட் சற்று அடங்கியது. குருமூர்த்தி சன்னலோரத்துத் தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

செந்தமிழன் மேஜைக்கு எதிர்ப்பக்கம் குனிந்து பார்த்தார். "மேட்ச்சுல அந்தத் தடுப்பாளரு பந்தைப் பாத்துக்கிட்டு நின்னாருங்க தலைவரே. நீங்க புத்தரைக் கோலைப் பாத்து வெச்சிருக்கீங்க."

"அதனால என்னா?"

"தொப்பை கோல் பக்கம் தள்ளிக்கிட்டு நிக்குது. திருப்பி வெச்சா முதுகுதான் வரும். முதுகு சப்பை, விரல் தாண்டிடும்."

"அந்த ஆளுக்குத் தொப்பை இல்லன்னு உனக்குத் தெரியுமா?" என்றார் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஆனந்தராஜ். தலைவருக்கு ஆதரவாகத்தான் கேட்டார்.

"தொப்பையோட அந்த லீக்குல ஆட வுடுவாங்களாண்ணே? நம்ம பேரவையில வேணா சேத்துக்குவாங்க."

கடைசியில் சமரசமாகப் புத்தரைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தார்கள். நூலையும் நகர்த்தினார்கள். அப்படியும் தகராறு தீரவில்லை. இந்தப் பக்கம் நின்றவர்கள் ஆன்சைடு என்றார்கள், அந்தப் பக்கம் நின்றவர்கள் ஆஃப்சைடு என்றார்கள். நூல் மேஜைமேல் கிடக்கிறது, தொப்பை சாணுயரத்தில் இருக்கிறது; இரண்டையும் மனசுக்குள் யார் எப்படிச் சேர்க்கிறார்களோ அப்படித்தான் தீர்ப்பு.

"என்னாத்துக்கு ஆளாளுக்கு ஒரு மூலையில நின்னு பேசறீங்க?" என்று குருமூர்த்தி எழுந்தார். "இங்க வந்து ஒக்காந்து பாருங்க. இதான் கரெக்டான கோணம். இதைத்தான் அந்த கேமராக்காரன் கோட்டை வுட்டுட்டான்."

ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். அங்கிருந்து கிருஷ்ணரின் பெருவிரல் புத்தருக்குப் பின்னால் ஒழுங்காக மறைந்திருந்தது. "இங்கேருந்து ஆன்சைடுதாண்ணா," என்றாள் அன்பரசி. ஆனந்தராஜ் ஸ்டுடியோக்காரர் என்பதால் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு ஆமோதித்தார். எழுந்து தங்கள் பழைய இடத்துக்குப் போனவர்கள் இன்னொரு தடவை பார்த்தார்கள், பிறகு நாற்காலியைப் பார்த்தார்கள்.

கடைசியாகச் செந்தமிழன் வந்து உட்கார்ந்தார். நிதானமாகப் பார்த்தார்.

"தலைவர் சொல்றது சரிதாங்க. இங்கேருந்து பாத்தா கோலுதான்."

குருமூர்த்திக்கு மூச்சு இறங்கியது. தங்க எழுத்து பிழைத்தது. வாழ்த்துகளை வாங்கிக்கொள்ள மேஜையைச் சுற்றி எதிர்ப்பக்கம் வந்தவர், போகிற போக்கில் குனிந்து பார்த்தார். கிருஷ்ணரின் பெருவிரல் புத்தரைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தார். விரல் உள்ளே போகவில்லை.

"அங்கேருந்து எப்படித் தெரியுதுங்க?" என்று கேட்டார் செந்தமிழன். குரலில் குசும்பு எதுவும் இல்லை.

ஷெட்டில் எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"இங்க வெளிச்சம் பத்தல."

"அதானே. வெளிச்சம் இருக்கற பக்கமே முடிவு பண்ணிக்கலாம்." செந்தமிழன் உட்கார்ந்தபடியே தலைவர் நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார். "கோல் செல்லும். அண்ணனே தலைவரா இருக்காரு. யாருக்காவது ஆட்சேபணை இருக்குதா?"

யாருக்கும் இல்லை. கை தட்டினார்கள். தட்டிய முகங்கள் எல்லாம் சன்னல் பக்கம் திரும்பியிருந்தன.

"அடுத்தது, ஃபைனலுக்குப் பெரிய ஸ்க்ரீன் எங்க வெக்கிறதுன்னு பேசிடுவோம். அன்பரசி, நீ சொல்லும்மா," என்றார் செந்தமிழன்.

அன்பரசி சொன்னாள். ஆனந்தராஜ் அதை மறுத்தார். செந்தமிழன் இருவரையும் கேட்டுக்கொண்டார். குருமூர்த்தி இரண்டு முறை செருமினார்.

"நீங்க ஒக்காருங்க தலைவரே, எவ்ளோ நேரந்தான் நிப்பீங்க," என்றார் செந்தமிழன் உண்மையான அக்கறையோடு. யாரோ வைக்கோல் திணித்த மரப்பெட்டி ஒன்றை நகர்த்திப் போட்டார்கள்.

தலைவர் அதன்மேல் உட்கார்ந்தார். ஸ்க்ரீன் விஷயத்தில் அவருக்கு உறுதியான ஒரு கருத்து இருந்தது. பேச்சில் இடைவெளி விழும் என்று பார்த்தார், விழவில்லை. பிறகு மெல்லக் கையைத் தூக்கினார். செந்தமிழன் அந்தப் பக்கம் திரும்பும்வரை இறக்கவில்லை.